கீமோ காலத்துச் சோர்வும் உடற்பயிற்சியும்: உங்கள் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதே பல ஆண்டுகளாக என் பணி. நான் மருந்து எழுதுபவள் அல்ல என்பதால், மருந்து, உணவு, ஸ்கேன் முடிவுகள் பற்றிய கேள்விகளை உரியவரிடம்தான் அனுப்புவேன். பதில்களுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீமோ நடக்கும் காலத்தில் உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால் அன்று பயிற்சி கிடையாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மதுரையிலிருந்து: எனக்கு 46 வயது. இரண்டாவது கீமோ முடிந்து ஒன்பது நாளாகிறது. பகலெல்லாம் படுத்தே இருந்தாலும் அசதி தீரவில்லை. "உடம்பை அலட்டிக்கொள்ளாதே" என்கிறார் மாமியார். இந்த நிலையில் நடக்கச் சொல்வது சரிதானா, மேடம்?

சரிதான். நாற்று நட்டுவிட்டு வந்தவருக்கு இருக்கும் களைப்பு ஓர் இரவு உறங்கினால் போய்விடும். உங்களுக்கு இருப்பது உறங்கி எழுந்தாலும் போகாத சோர்வு. அதுதான் இதன் அடையாளம். கட்டியும் மருந்தும் உடலுக்குள் கிளப்பிவிடும் அழற்சி, குறைந்துபோன ஹீமோகுளோபின், கலைந்த உறக்கம், வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை நின்றவுடன் வரும் சரிவு என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. இவற்றோடு நாமே சேர்த்துவிடும் காரணம் ஒன்றும் இருக்கிறது. தொடர்ந்து படுத்திருந்தால் தொடைத் தசை இளைக்கும். தசை இளைத்தால் குளித்துவிட்டு வருவதே பெரிய வேலையாகத் தோன்றும். அந்த மலைப்பில் மறுபடியும் படுக்கத் தோன்றும். இந்தச் சுழலை மாத்திரையால் உடைக்க முடிவதில்லை. 113 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 11,525 பேரையும் ஒன்றாக வைத்து அலசி 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, புற்றுநோய்ச் சோர்வைக் குறைப்பதில் உடற்பயிற்சியும் உளவியல் ஆலோசனையும் மருந்துகளைவிட மேலானவை என்று காட்டியது.

ஆனாலும் பயிற்சியைத் தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடம் ரத்த அளவு, தைராய்டு, வலி, உறக்கம், மனச்சோர்வு ஆகிய ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்திருப்பவரை நடக்க மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமில்லை.

உங்கள் மாமியாரின் சொல் அன்பினால் வருவது. மாலையில் அவரையும் கூட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து பாருங்கள். இரண்டு வாரத்தில் அவரே உங்களைக் கிளப்பிவிடுவார்.

சேலத்திலிருந்து: எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள், கீமோ போட்ட எத்தனையாவது நாளிலிருந்து என்று தெளிவாகச் சொல்ல முடியுமா?

பன்னாட்டு வல்லுநர் குழு 2019ஆம் ஆண்டு தந்த பரிந்துரையின்படி, சோர்வு குறைய மிதமான வேகத்தில் முப்பது நிமிடப் பயிற்சியை வாரத்துக்கு மூன்று முறையாக, குறைந்தது பன்னிரண்டு வாரங்கள் செய்ய வேண்டும். இதனுடன் வாரத்துக்கு இரண்டு முறை தசை வலுப் பயிற்சியும் சேர்ந்தால் நல்லது. மிதமான வேகம் என்றால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாமல் மூச்சு வாங்க வேண்டும்.

முப்பது நிமிடம் என்பது போய்ச் சேர வேண்டிய இடம். தொடங்கும் இடம் ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏறுபவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஒரு வாரம் மிகவும் கடினமாகவும், மூன்றாவது வாரம் ஓரளவு தெளிவாகவும் இருக்கும். எல்லா நாளுக்கும் ஒரே அளவு வைத்துக்கொண்டவர்கள்தான் இரண்டாவது சுற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆகவே மோசமான நாளுக்கு ஓர் அளவும் நல்ல நாளுக்கு ஓர் அளவும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வந்த ஒரு தையல்காரப் பெண் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை எறியாமல் ஒரு ரப்பர் பேண்டில் கட்டிக் கொண்டுவருவார். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பென்சிலால் மூன்று குறிப்புகள் இருக்கும்: காலைச் சோர்வுக்குப் பத்துக்கு எத்தனை, மாலைச் சோர்வுக்கு எத்தனை, நடந்தது எவ்வளவு. மருந்து ஏறிய மூன்றாம் நாள் தாளில் "8, 8, வாசல் வரை" என்று இருந்தது. பதினாறாம் நாள் தாளில் "5, 3, கோயில் போய் வந்தேன்". அந்த "வாசல் வரை"யைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் அன்றும் அவர் எழுந்திருக்கிறார். நீங்களும் இப்படி எழுதி வையுங்கள். மதிப்பெண் நான்குக்கு மேலேயே நின்றால் அந்தத் தாள்களை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள்.

திருப்பூரிலிருந்து: மொட்டை மாடியில் நடந்தால் போதுமா?

போதும். வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

நாகர்கோவிலிலிருந்து: ஹீமோகுளோபின் 7.6 என்று வந்திருக்கிறது. எந்தச் சாறு குடித்தால் ஏறும்? நடக்கலாமா?

சாறு பற்றிய கேள்வியை உணவு ஆலோசகரிடம் கேளுங்கள். ஆனால் கீமோவில் குறையும் ஹீமோகுளோபினைச் சாறு மட்டும் ஏற்றிவிடும் என்று காத்திருக்காமல், இந்த எண்ணை இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். எட்டுக்குக் கீழே இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் பயிற்சி வேண்டாம்.

திருச்சியிலிருந்து: அம்மாவுக்குக் கீமோ முடிந்து பத்து நாள். காலையிலிருந்து 101 காய்ச்சல். தினமும் நடக்கும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க மெதுவாக நடக்க வைக்கலாமா?

வேண்டாம். இதைப் படித்தவுடன் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில்தான் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். இந்த நாள்களில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பொறுத்துப் பார்க்க வேண்டாம். கீமோ போட்டுக்கொள்கிறவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: வணக்கம் டொக்டர். எனக்குக் கதிர்ச் சிகிச்சை நடக்கின்றது. யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் செய்தால் சோர்வு குறையுமா?

குறையும். பெங்களூரின் யோகப் பல்கலைக்கழகமான எஸ்-வியாசாவும் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையமும் சேர்ந்து, கதிர்ச் சிகிச்சையில் இருந்த 163 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. யோகா செய்தவர்களுக்கும் சரி, வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களுக்கும் சரி, ஒன்றும் செய்யாதவர்களைவிடச் சோர்வு குறைந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் யோகா செய்தவர்கள் முந்தியிருந்தார்கள். கதிர்ச் சிகிச்சையின் சோர்வு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போய்க் கடைசி வாரத்தில் உச்சத்தில் இருக்கும், முடிந்த பிறகும் சில வாரங்கள் நீடிக்கும். அதனால் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது. தசை வலுவுக்கு ஆசனம் மட்டும் போதாது என்பது என் கருத்து. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: வலப்பக்கம் அறுவைச் சிகிச்சை செய்து அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) எடுத்துவிட்டார்கள். வலுப் பயிற்சி என்கிறீர்கள். அந்தக் கையால் எடை தூக்கலாமா?

தூக்கலாம். அறுவை செய்த இடத்தில் வைத்த வடிகுழாயை எடுத்து, தையல் ஆறி, தோள் ஓரளவு அசையத் தொடங்கிய பிறகு, மிகக் குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இதற்கு எழுதியது: முப்பது ஆண்டுகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவள் நான். நெறி எடுத்த கையால் வாழ்நாள் முழுவதும் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றுதான் நோயாளிகளுக்குச் சொல்லி அனுப்பினோம். நிணநீர் தேங்கிக் கை வீங்கிய பிறகு படும் பாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்வது ஆபத்தானது, அம்மா.

சிஸ்டர், நீங்கள் பார்த்த துன்பத்தை நானும் பார்த்திருக்கிறேன். புடவையின் ரவிக்கைக் கையை வெட்டித் தைத்துக்கொண்டு வரும் பெண்களை மறக்க முடியாது. நான் படித்த காலத்திலும் இதே விதியைத்தான் சொல்லித் தந்தார்கள். ஆனால் அது சோதித்துப் பார்த்து எழுதிய விதி அல்ல, அச்சத்தில் எழுதிய விதி. கனடாவின் வான்கூவர் நகரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் 1996இல் அதைச் சோதிக்கத் துணிந்தார். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த 24 பெண்களைப் பழக்கி, கைக்குக் கடும் வேலை தரும் டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். ஒருவருக்கும் கை வீக்கம் புதிதாக வரவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் கூடவில்லை.

அந்தச் செவிலியரே மறுபடியும்: 24 பேரை வைத்து எப்படி நம்புவது? படகு ஓட்டியவர்கள் முன்பே திடமாக இருந்தவர்களாக இருக்கலாம் அல்லவா?

நியாயமான கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் நடந்த ஆய்வு. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு வாரம் இருமுறை எடைப் பயிற்சி கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். முடிவு 2009இல் வெளியானது. கையின் பருமன் கூடியவர்கள் இரு பக்கத்திலும் ஏறக்குறைய சமமாக இருந்தார்கள்; வீக்கம் திடீரென்று மோசமானது எடை தூக்கியவர்களில் 14 விழுக்காட்டினருக்கு, தூக்காதவர்களில் 29 விழுக்காட்டினருக்கு. அடுத்த ஆண்டு வெளியான இரண்டாவது ஆய்வில் வீக்கம் இல்லாத 154 பெண்கள் பங்கேற்றார்கள். அதிலும் எடை தூக்கியவர்களுக்குப் புதிதாக வீக்கம் வருவது கூடவில்லை.

ஆனால் உங்கள் எச்சரிக்கையில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். அந்தப் பெண்கள் முதல் நாளே ஐந்து கிலோவைத் தூக்கவில்லை. தொடக்கத்தில் பயிற்றுநர் பக்கத்தில் நின்றார். எடை மிகச் சிறிதாக ஏறியது. வீக்கம் இருந்தவர்கள் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொண்டே செய்தார்கள். சிகிச்சை முடிந்த மறுமாதம் ஒரே மூச்சில் கிரைண்டர் கல்லைத் தூக்குவதும் இதுவும் ஒன்றல்ல. அந்தக் கையை ஆண்டுக்கணக்கில் சும்மா வைத்திருந்தவருக்குத்தான், பேரக்குழந்தையைத் தூக்கும் ஒரு நாள் அதிர்ச்சியாக அமைகிறது.

இந்த விவாதத்தை நீட்டியதற்குக் காரணம் உண்டு. வலுப் பயிற்சி சோர்வுக்கான மருந்தில் பாதி. கெரி கோர்னியாவின் குழு கனடாவில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 242 பெண்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், எடைப் பயிற்சி செய்தவர்கள் திட்டமிட்ட மருந்தளவை மற்றவர்களைவிடக் கூடுதலாக முடித்தார்கள். கைக்குப் பயந்து அந்தப் பாதியை விட்டுவிட்டால் இழப்பு பெரிது.

ஈரோட்டிலிருந்து: எல்லாம் சரி, உடம்பு ஓய்வு கேட்கும்போது ஓய்வு எடுக்க வேண்டாமா?

இதே கேள்வி இன்று நான்காவது முறையாக வருகிறது. மதுரைச் சகோதரிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். பகலில் அரை மணி நேரம் படுப்பதை நான் தடுக்கவில்லை. பகல் முழுவதும் படுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து: பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து தொடங்கியதிலிருந்து பாதம் மரத்துப்போகிறது. நடக்கப் பயமாக இருக்கிறது.

மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கலாம். வெறுங்காலுடன் எங்கும் நடக்க வேண்டாம், கோயில் பிரகாரத்தின் சுடுகல்லில் கட்டாயம் வேண்டாம், ஏனென்றால் சுட்டாலும் தெரியாது. பின்வார் உள்ள செருப்புப் போட்டுச் சமதளத்தில் நடங்கள். சமநிலைக்கு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் பத்து எண்ணும் வரை நில்லுங்கள். இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

வேலூரிலிருந்து: எலும்புக்குப் பரவியிருக்கிறது என்றார்கள். நானும் செய்யலாமா?

எந்த எலும்பு, எவ்வளவு என்று ஸ்கேனைப் பார்த்தவர்தான் இதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு ஏற்ற பயிற்சி உண்டு, ஆனால் நேரில் பார்க்காமல் நான் எழுத மாட்டேன்.

சென்னையிலிருந்து: ஹெர்செப்டின் போடுகிறார்கள். நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இதுவும் சோர்வுதானா?

அப்படி நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். இந்த மருந்தும், இதற்கு முன் பலருக்கும் ஏறும் சிவப்பு நிறக் கீமோவும் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பது அதற்காகத்தான். பயிற்சியை நிறுத்தி இன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி, மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றுக்கும் இதுவே பதில். காய்ச்சலைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன்: 100.4 என்றால் நடையில்லை, மருத்துவமனைதான்.

ஓய்வுபெற்ற செவிலியர் மறுபடியும்: படித்தேன். என் தங்கைக்கு இரண்டு மாதம் முன்பு இடப்பக்கம் அறுவை நடந்தது. அந்தக் கையால் தண்ணீர்ச் சொம்பைக்கூட நான் எடுக்க விடுவதில்லை. எங்கிருந்து தொடங்கட்டும்?

முதலில் அவருடைய அறுவை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சரி என்றால், இரண்டு கைகளின் சுற்றளவையும் முழங்கைக்கு மேலே நான்கு விரற்கடை, கீழே நான்கு விரற்கடை இடத்தில் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். சுவரைப் பார்த்து நின்று, இரு கைகளையும் சுவரில் ஊன்றி, மெதுவாகச் சாய்ந்து நிமிர்வது எட்டு முறை. பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதி நிரப்பி, முழங்கையை மடக்கி நீட்டுவது எட்டு முறை. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். கையில் கனமோ இறுக்கமோ தெரியாவிட்டால், இரண்டு வாரம் கழித்துப் பாட்டிலை முழுவதும் நிரப்புங்கள். சுற்றளவு கூடினால் நிறுத்திவிட்டு எழுதுங்கள். சொம்பை அவரே எடுக்கட்டும், சிஸ்டர்.