குவாண்டனாமோ வழக்குகள்: மூட் கோர்ட்டில் எதை முதலில் வைப்பது?

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவி. போரில் பிடித்தவர்களை வெளிநாட்டு ராணுவச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று மூட் கோர்ட்டில் (மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றப் போட்டியில்) வாதாட வேண்டும். கியூபாவில் அமெரிக்கா நடத்தும் ராணுவச் சிறையான குவாண்டனாமோவில் இருந்து ஆரம்பிக்கலாமா?

பதில்: ஆரம்பிக்கலாம். ஆனால் ‘வெளிநாட்டில் வைத்ததே தவறு’ என்று மட்டும் சொல்லாதீர்கள், எதிர்த்தரப்பு எளிதாக உடைத்துவிடும். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிடித்தவர்களைக் கப்பலேற்றி இலங்கையின் தியத்தலாவையில் வைத்தது பிரிட்டன். 1949-இன் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தமே போர்க் கைதிகளைச் சண்டை நடக்கும் இடத்திலிருந்து அகற்றச் சொல்கிறது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியின் பொதுமக்கள் என்றால் கதை வேறு. அவர்களை வெளியே கொண்டுபோக நான்காவது ஒப்பந்தத்தின் 49-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. உங்கள் கைதி யார் என்று முதலில் பாருங்கள்.

நீங்கள் பிடிக்க வேண்டிய கேள்வி, அந்தக் காவலை எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பதுதான். குவாண்டனாமோவை அமெரிக்கா தேர்ந்தெடுத்ததற்கு அதுவே ஒரு முக்கியக் காரணம். மண் கியூபாவுடையது, 1903 முதல் குத்தகையில் இருப்பது. ஆகவே தங்கள் நாட்டு நீதிமன்றம் எட்டிப் பார்க்காது என்று அரசின் வழக்கறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். கையில் 1950-இன் ஐசன்ட்ராகர் தீர்ப்பு இருந்தது. சீனாவில் பிடிபட்டு, ராணுவ விசாரணையில் தண்டனை பெற்று, ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க் சிறையில் இருந்த ஜெர்மானியர்களுக்கு ஆட்கொணர்வு மனு உரிமை இல்லை என்றது அது.

கணக்கு பலிக்கவில்லை. 2004-இல் ரசூல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குவாண்டனாமோ கைதிகளின் மனுக்களுக்குக் கதவைத் திறந்தது. நாடாளுமன்றம் 2006-இல் சட்டம் போட்டு மூடியது. 2008-இல் பூமெதியன் வழக்கில் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தடையே அரசியல் சாசனத்துக்கு முரண் என்றாகிவிட்டது. உங்களுக்கு வேண்டியது இந்தத் தீர்ப்பின் அளவுகோல். மண் யாருடையது என்பதோடு நிற்காமல், கைதியின் நிலை என்ன, அதை முடிவுசெய்த விசாரணை போதுமானதா, எங்கே பிடித்தார்கள், எங்கே வைத்தார்கள், மனுவை விசாரிப்பதில் நடைமுறைச் சிக்கல் என்ன என்றெல்லாம் அது பார்க்கிறது.

சரி, அப்படியானால் எல்லா வெளிநாட்டுச் சிறைக்கும் இது பொருந்துமா? இல்லை. ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் இருந்தவர்கள் இதே அளவுகோலை வைத்துக் கேட்டபோது, அது போர் நடக்கும் களம் என்று சொல்லி 2010-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. எதிர்த்தரப்பு இதைத்தான் எடுக்கும். உங்கள் சிறை குவாண்டனாமோவைப் போலப் போர்க்களத்துக்கு வெகு தொலைவில், முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று காட்டத் தயாராக இருங்கள்.

அப்புறம் கால அளவு. சண்டை ஓய்ந்ததும் போர்க் கைதிகளை விடுவிக்க வேண்டும் என்கிறது மூன்றாவது ஒப்பந்தத்தின் 118-ஆவது பிரிவு. அதே உச்ச நீதிமன்றத்தின் 2004 ஹம்தி தீர்ப்பு சண்டை தொடரும்வரை காவல் செல்லும் என்றாலும், முந்தைய போர்களைப் போல் இல்லாத போரில் அந்தப் புரிதலே நிற்காமல் போகலாம் என்றும் சொல்லி வைத்தது. என் கணிப்பில் உங்கள் பலமான வாதம் இதுதான்.

கோரிக்கையில் விடுதலையோடு, எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் கேளுங்கள். 2008-இல் குவாண்டனாமோவில் இருந்த 17 உய்குர்களை (சீனாவின் சிறுபான்மை முஸ்லிம் இனத்தவரை) அமெரிக்காவுக்குள் விடுவிக்கக் கீழமை நீதிமன்றம் உத்தரவிட்டது. நாட்டுக்குள் அனுமதிப்பது நீதிபதியின் அதிகாரம் அல்ல என்று மறு ஆண்டே மேல்முறையீட்டில் அது ரத்தானது.