அவசரம் என்றால் யாரை அழைப்பது?

கேள்வி: எனக்கு வயது 46. சிறுநீரக நோயாளிகளுக்காக நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 3 நாளில் 350 கிலோமீட்டர். சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோன என் தம்பியின் நினைவாக ஓட்டுகிறேன். இதுவரை ஒரே நாளில் அதிகபட்சம் 60 கி.மீ.தான் ஓட்டியிருக்கிறேன். இன்னும் 7 வாரம் இருக்கிறது. நண்பர்கள் பலர் பணம் கொடுத்துவிட்டார்கள். பாதியில் நின்றால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? மனைவிக்கு முழு விவரம் தெரியாது. தம்பியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வந்தவள் அவள்தான், பயந்துவிடுவாள். அதனால் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு ஆபீஸ் நண்பரின் எண்ணைக் கொடுத்தேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். போன வாரம் முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டியதில் 60 கி.மீ. சுலபமாக முடிந்தது. எப்படிப் பயிற்சி எடுப்பது?

பதில்: பயிற்சி இருக்கட்டும். முதலில் அந்தப் படிவத்துக்கு வாருங்கள்.

அந்த எண்ணை எதற்குக் கேட்கிறார்கள்? நீங்கள் விழுந்து, வாய் திறந்து பேச முடியாமல் கிடக்கும் நேரத்துக்காக. ஆம்புலன்ஸில் வருபவர் அந்த எண்ணை அழைப்பார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஏற்கெனவே என்ன நோய் என்று கேட்பார். உங்கள் ஆபீஸ் நண்பருக்கு இதில் என்ன தெரியும்? பதறிப்போய் உங்கள் மனைவியின் எண்ணைத் தேடுவார். யார் பயந்துவிடுவார் என்று மறைத்தீர்களோ, அவருக்கே கடைசியாக, ஒன்றுமே தெரியாத நிலையில் செய்தி போய்ச் சேரும். இதற்குப் பெயர் அக்கறையா?

டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். போக வர ஆகும் நேரம் தனி. கொழுந்தனுக்காக அத்தனை நாள் அந்த நாற்காலி பக்கத்தில் காத்துக் கிடந்தவர், கணவர் சைக்கிள் ஓட்டுகிறார் என்றதும் நடுங்கிப்போவாரா? உங்கள் வீட்டில் அவசரம் என்றால் என்னவென்று முழுதாகத் தெரிந்தவர் அவர். அவர் பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

அவர் கேள்வி கேட்பார் என்பதுதான் உங்கள் பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்கத்தான் வேண்டும். கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது, அதுவும் சில வகை பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால், ஆபத்து இன்னும் கூடும். தம்பியின் படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு இதைச் செய்யப்போகிறீர்களா? நீங்கள் "சுலபமாக முடிந்தது" என்று எழுதிய வரியை உங்கள் மனைவி படித்திருந்தால் அன்றைக்கே சைக்கிளைப் பூட்டியிருப்பார். நானும் அவர் பக்கம்தான்.

அந்த முழங்கால் வலிக்கு சீட் தாழ்வாக இருப்பதே காரணமாக இருக்கலாம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் முதலில் அதைப் பாருங்கள். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது கால் விறைக்காமல் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள், மனைவியோடு போங்கள். உங்கள் பிரஷர் மாத்திரை எந்த வகை என்று கேளுங்கள். சில மாத்திரைகள் உடம்பிலிருந்து நீரை இறக்கும். சில இதயத் துடிப்பை ஏறவிடாது, அப்போது துடிப்பு எண்ணிக்கையை வைத்து உழைப்பை அளக்க முடியாது. டாக்டர் சம்மதித்தால் வாரத்துக்கு 5 கி.மீ. கூட்டி, கடைசி வாரத்துக்கு முன்பு 90 வரை போகலாம். கடைசி வாரம் குறைத்துவிடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஓட்டப்போகிறவர் ஒரு நாள் மட்டும் ஓட்டிப் பழகினால் போதாது. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாளும் 50, 60 கி.மீ. ஓட்டுங்கள், இரண்டாம் நாள் காலையில் உட்காரும்போதுதான் உடம்பின் உண்மை தெரியும். பசிக்குமுன் சாப்பிடுங்கள். தாகத்துக்குக் குடியுங்கள், வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கி மயக்கம் வரும்.

பணம் கொடுத்தவர்களைப் பற்றிய கவலையை விடுங்கள். அவர்கள் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், நீங்கள் 200 கிலோமீட்டரில் நின்றாலும் அது நோயாளிகளுக்குத்தான் போகும். அவர்கள் முகத்தில் விழிப்பதைப் பற்றி அத்தனை யோசித்த நீங்கள், வீட்டில் இருப்பவர் முகத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அவர் வேண்டாம் என்று சொன்னால்? போகாதீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் மறுபடியும் ஆஸ்பத்திரி வாசலில் உட்காரப்போகிறவர் அவர், அந்த உரிமை அவருக்கு உண்டு. வழியில் தண்ணீர் கொடுக்கவும் ஆள் வேண்டும், அங்கே நில்லுங்கள்.

இன்று இரவே எல்லாவற்றையும் சொல்லுங்கள். வலி மாத்திரையையும் சேர்த்து. அமைப்பாளர்களிடம் புதுப் படிவம் வாங்கி அவர் கையில் கொடுங்கள். மாத்திரையின் பெயரையும் அளவையும் அவரே எழுதட்டும், தன் எண்ணையும்.