கனவைப் படமாக்கிய இளவரசர்

கே: கொரியச் சரித்திரத் தொடர்களில் ஒரு சித்தப்பா, அண்ணன் மகனின் அரியணையைப் பறிக்கிறார், தன் சொந்தத் தம்பியையும் தீர்த்துக்கட்டுகிறார். அந்தத் தம்பி நிஜமாகவே இருந்தவரா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

ப: இருந்தவர்தான். பெயர் அன்ப்யோங். கொரிய மொழியின் எழுத்தான ஹாங்குலைத் தந்த சேஜோங் மன்னரின் மூன்றாவது மகன். அப்பா அரசரான அதே 1418-இல் பிறந்தார். (சேஜோங்கும் மூன்றாவது மகன்தான். அவருக்கு அரியணை கிடைத்தது, இவருக்கு விஷம்.)

தொடர்களில் இவரை வெறும் பலியாடாகக் காட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம். அந்தக் காலத்துக் கொரியாவின் மிகச் சிறந்த கையெழுத்துக் கலைஞர் இவர். 200-க்கும் மேற்பட்ட ஓவியங்களையும் எழுத்துச் சுருள்களையும் சேர்த்து வைத்திருந்தார்.

1447-இல் ஒரு கனவு. நண்பர் பாக் பேங்நியோனுடன் குதிரையில் போகிறார். மலை இடுக்கைத் தாண்டினால் பீச் (peach) பழ மரங்கள் பூத்துக் கிடக்கும் பள்ளத்தாக்கு. குடிசைகள் இருக்கின்றன; ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. ஓடையில் ஒரு படகு மட்டும். திரும்பிப் பார்த்தால் இன்னொரு நண்பர் சின் சுக்ஜுவும் உடன் வந்திருக்கிறார். விடிந்ததும் ஓவியர் அன் க்யோனை அழைத்துச் சொல்ல, அவர் மூன்றே நாளில் பட்டுத்துணியில் வரைந்து கொடுத்தார். அரசவை அறிஞர்கள் பலர் அதைப் புகழ்ந்து தங்கள் கையாலேயே கவிதை எழுதிச் சேர்த்தார்கள்.

அப்புறம் 1453. மூத்த அண்ணன் முன்ஜோங் இறந்து, அவருடைய சிறுவயது மகன் தன்ஜோங் அரசராக இருந்த நேரம். இரண்டாவது அண்ணன் சுயாங், மூத்த அமைச்சர் கிம் ஜோங்சோவைக் கொன்று அதிகாரத்தைப் பிடித்தார். அன்ப்யோங்கை கங்ஹ்வா தீவுக்கு நாடுகடத்தி, பிறகு விஷம் குடிக்க வைத்தார். வயது 35. இரண்டு வருடத்தில் சுயாங்கே மன்னர்.

கனவில் கூட வந்த இரண்டு நண்பர்கள்? சின் சுக்ஜு சுயாங் பக்கம் போய்த் தலைமை அமைச்சர் வரை உயர்ந்தார். பாக் பேங்நியோன், தன்ஜோங்கை மீண்டும் அரியணை ஏற்றச் சதி செய்து 1456-இல் சிறையில் செத்தார். கிம் ஜோங்சோ உட்பட எல்லோர் கவிதையும் இன்றும் அந்த ஓவியத்தோடுதான் இருக்கின்றன. எந்தத் தொடரிலும் இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

சுயாங்கின் கோபம் கொலையோடு தீரவில்லை. அன்ப்யோங்கின் கையெழுத்தை மாதிரியாக வைத்து 1450-இல் உலோக அச்செழுத்துகள் வார்த்திருந்தார்கள். 1455-இல் அவற்றை உருக்கி வேறொருவர் கையெழுத்தில் புதிதாக வார்க்கச் செய்தார்.

கே: அந்த ஓவியத்தை சியோலில் பார்க்கலாமா?
– அதே வாசகி

ப: முடியாது. அது ஜப்பானில், தென்ரி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 2009-இல் சியோல் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சில நாள் இரவல் வந்தபோது நீண்ட வரிசை நின்றது. படம் கையில் கிடைத்தால் இடது மூலையில் ஆரம்பியுங்கள். கிழக்காசிய ஓவியச் சுருள்கள் வழக்கமாக வலமிருந்து இடமாகப் போகும். இதில் சாதாரண மலைகள் இடப்பக்கம், பீச் தோப்பு வலக்கோடியில்.