பாக் பார்த்து எழுதிய பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் சிறுவயதில் அண்ணனின் இசையேட்டை நிலா வெளிச்சத்தில் ரகசியமாக நகலெடுத்தார் என்கிறார்களே, உண்மையா? பார்த்து எழுதினால் இசையமைக்க வந்துவிடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தச் செய்தி 1754இல் அச்சான இரங்கல் குறிப்பில் வருகிறது. எழுதிய இருவரில் ஒருவர் பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல். பத்து வயது நிறையும் முன்பே பெற்றோரை இழந்த பாக், ஓர்ட்ரூஃப் ஊரில் தேவாலய ஆர்கன் கலைஞராக இருந்த அண்ணனிடம் வளர்ந்தார். அண்ணன், இசையமைப்பாளர் பாஹெல்பெல்லின் மாணவர். ஏடு கம்பியழி போட்ட அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சின்னக் கை அழிக்குள் நுழைந்தது. கெட்டி அட்டை இல்லாததால் ஏட்டைச் சுருட்டி உருவ முடிந்தது. எழுதி முடிக்க ஆறு மாதம். அண்ணன் கண்டுபிடித்து நகலைப் பிடுங்கிக்கொண்டார்.

நிலாவுக்கு வேறு சாட்சி இல்லை. ஆனால் நகலெடுக்கும் பழக்கத்துக்குத் தாளிலேயே சாட்சி உண்டு. புக்ஸ்டஹூட, ரைன்கென் என்ற மூத்த இசையமைப்பாளர்கள் இருவரின் ஆர்கன் படைப்புகளைச் சிறுவன் பாக் எழுதிவைத்த நகல்கள் 2005இல் வைமர் நூலகத்தில் கிடைத்தன. ரைன்கென் நகலில் 1700 என்று ஆண்டே குறித்திருக்கிறார். இரண்டும் டாப்லேச்சர் முறையில் எழுதியவை: சுரம் எழுத்தாக, அதன் மேல் காலக்குறி, ஒவ்வொரு குரலுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் மெட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு குரல்) தனி வரி. இப்படி எழுதுகிறவன் ஒவ்வொரு குரலும் போகும் வழியைத் தனித்தனியே பின்தொடர்ந்தே ஆகவேண்டும். அதுதான் பாடம்.

வெறுமனே எழுதினால் கைதான் பழகும். பாக் தன் மாணவர்களுக்குக் கோரல் என்னும் தேவாலயப் பாடலின் மெட்டையும் அடிக்குரலான பேஸையும் கொடுத்து, நடுவில் ஆல்டோ, டெனர் என்ற இரு குரல்களையும் அவர்களையே எழுதச் சொன்னார். நீங்களும் செய்து பாருங்கள். அவருடைய நான்கு குரல் கோரல் ஒன்றில் முதல் இரண்டு வரி போதும். மேல்குரலையும் பேஸையும் மட்டும் நகலெடுத்து, மூலத்தை மூடிவிட்டு, நடுக்குரல்களை எழுதி, பிறகு ஒப்பிடுங்கள்.

முதலில் சறுக்குவது இங்கேதான்: ச–ப இடைவெளியில் நிற்கும் இரு குரல்கள் அதே இடைவெளியோடு சேர்ந்தே அடுத்த சுரத்துக்கு நகர்ந்துவிடும். காதுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். நான்கு குரல் மூன்றாகக் கேட்கும். அடுத்தது, மேஜர் ஸ்கேலின் நிஷாதத்தை இரு குரல்களுக்குக் கொடுப்பது. இரண்டுமே மேல் ஸட்ஜத்துக்குத் தாவும், மறுபடி ஒரு குரல் காணாமல் போகும். நிஷாதம் ஒரு குரலில் மட்டும் இருக்கட்டும். மற்றதற்குப் பஞ்சமத்தைக் கொடுங்கள்.