கார் கூலர்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: 12 வோல்ட் கூலர் புதிதாக வாங்கினேன். ஐந்து மணி நேரம் ஓடியும் ஆறு பாட்டில் தண்ணீர் ஜில்லென்று ஆகவில்லை. பழுதா சார்?

பதில்: பழுதாக இருக்காது. ஃபேன் ஓயாமல் ஓடி, சூடு-குளிர் என்று மாற்றும் ஸ்விட்சும் இருந்தால் அது பெல்டியர் வகை, அதாவது கரண்ட் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகட்டால் இயங்குவது. சுற்றியுள்ள சூட்டைவிட 18, 20 டிகிரி குறைப்பதோடு அதன் சக்தி தீர்ந்துவிடும். காருக்குள் 40 என்றால் பெட்டிக்குள் 20.

அதையும் நிதானமாகத்தான் செய்யும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 15க்கு இறக்க, 63 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். கூலர் 20 வாட் வேகத்தில் வெப்பத்தை இறைக்கிறது என்று வைத்தால் லிட்டருக்கு 52 நிமிடம். ஆறு லிட்டருக்கு ஐந்து மணி நேரம் தாண்டும், மூடியைத் திறக்கவே இல்லை என்றாலும்! குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கத்தான் இந்தப் பெட்டி. பாட்டில்களை முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலிப் பெட்டியையும் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, 12 வோல்ட் அடாப்டர் வழியாக வீட்டு கரண்டில் ஓட விடுங்கள். ஃபேன் பக்கம் பையைச் சாய்க்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி வேண்டும்.

கேள்வி: அம்மாவின் இன்சுலினை அதில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். வெயிலில் பெல்டியர் அவ்வளவு இறங்காது. குளிர்ப் பிரதேசத்திலோ, தெர்மோஸ்டாட் (குறித்த குளிர் வந்ததும் தானே நிறுத்தும் கருவி) இல்லாத பெட்டி உறைநிலைக்கே போய்விடலாம். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, தூக்கிப் போட வேண்டியதுதான். வீட்டு ஃப்ரிட்ஜ் போல இயங்கும் கம்ப்ரஸர் கூலரை 5 டிகிரியில் வைத்து, மருந்து உள்சுவரைத் தொடாமல் துணி சுற்றி வையுங்கள். பக்கத்திலேயே தனித் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். பெட்டியின் டிஸ்ப்ளேயை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: ராத்திரி இன்ஜினை அணைத்துவிட்டு கூலரை ஓட விடலாமா?

பதில்: பெல்டியர் நிற்காமல் 4, 5 ஆம்ப் இழுக்கும். 60 ஆம்ப்-ஹவர் பேட்டரியில் பாதி ஆறேழு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் தள்ள நேரலாம். கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடுவதால் செலவு குறைவு. அதில் பேட்டரி பாதுகாப்பு செட்டிங்கை 'ஹை'யில் வையுங்கள், வோல்டேஜ் இறங்கியதும் தானே நின்றுவிடும்.

கேள்வி: வண்டி ஓடும்போதே கம்ப்ரஸர் கூலர் நின்று நின்று வருகிறது. பேட்டரி புதுசு.

பதில்: ஒயரைப் பாருங்கள். டிக்கி வரை 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 1.5 சதுர மி.மீ. ஒயரில் 5 ஆம்ப் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து கூலர் நின்றுவிடுகிறது. பிளக்கைக் கழற்றி நுனியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டில் பிடிப்பு இல்லை. நிரந்தரத் தீர்வு, பேட்டரியிலிருந்து நேராக 4 சதுர மி.மீ. ஒயர்; 15 ஆம்ப் ஃபியூஸ் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கூலர் பக்கம் போட்டால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அந்த ஃபியூஸால் பயனில்லை.

கேள்வி: இடமில்லாமல் கம்ப்ரஸர் கூலரைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தேன். உடனே போடலாமா?

பதில்: கூடாது. கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும். நிமிர்த்தி வைத்து, சில மணி நேரம் கழித்துப் போடுங்கள்.