செர்மாட்டில் குடும்பத்துடன் கோடை விடுமுறை: கேள்வி பதில்

கேள்வி: ஜூலையில் 9, 6 வயதுக் குழந்தைகளுடன் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குச் செல்கிறோம். பனிச்சறுக்குக்குப் பெயர்போன ஊரில் கோடையில் அவர்களுக்கு என்ன இருக்கும்?

பதில்: குளிர்காலத்தில் சறுக்குத் தடங்களாக இருக்கும் சரிவுகள் கோடையில் புல்வெளிகளாகவும் நடைபாதைகளாகவும் மாறிவிடுகின்றன, மேலே ஏற்றிச்செல்லும் கேபிள் கார்களில் பலவும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஊர் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மலையைக் குடைந்து செல்லும் ரயிலில் ஏறினால், சில நிமிடங்களில் 2,288 மீட்டரில் உள்ள சுன்னெகாவை அடையலாம். அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் லைஸே ஏரியில் குழந்தைகள் இறங்கி விளையாடலாம்; தண்ணீர் குளிர்ந்திருக்கும், ஆகவே மாற்றுடையும் துண்டும் அவசியம். மறுநாள் சுன்னெகாவிலிருந்து அதற்கு மேலே உள்ள புளாவ்ஹெர்ட் வரை சென்று, ஸ்டெல்லிஸே ஏரிக்கு நடந்துவிட்டுத் திரும்புங்கள். இவ்விரண்டையும் சேர்த்து அப்பகுதியின் ஐந்து ஏரிகளையும் சுற்றும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். ஒன்பது வயதுக் குழந்தை நடந்துவிடும், ஆறு வயதுக் குழந்தை பாதியில் அழத் தொடங்கும்.

புளாவ்ஹெர்டிலிருந்து சுன்னெகாவுக்கு இறங்கும் பாதையில் மர்மோட்டுகளின் வளைகள் உண்டு. அணில் இனத்தைச் சேர்ந்த, பூனையளவு பருத்த விலங்கு அது. வளையின் வாயில் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று நாலாபுறமும் பார்க்கும். ஆள் நெருங்கினால் கூர்மையாகச் சீழ்க்கையடித்துவிட்டு உள்ளே மறையும். பேசாமல் சற்று உட்கார்ந்திருந்தால் மீண்டும் தலை நீட்டும்.

எங்கே சென்றாலும் காலையிலேயே செல்லுங்கள். கோடையில் பிற்பகலில் மேகம் திரண்டு இடி மின்னலுடன் மழை பெய்வது அங்கு வழக்கம். ஏரியில் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் பிம்பம் தெளிவாகத் தெரிவதும் காற்று எழுவதற்கு முன்புதான்.

கேள்வி: வாடகைக் காரில் ஊருக்குள் செல்ல முடியுமா?

பதில்: முடியாது. 5 கிலோமீட்டர் முன்னால் இருக்கும் டேஷ் கிராமத்தில் காரை நிறுத்திவிட்டு, 12 நிமிட ரயிலில் செல்ல வேண்டும். ஊருக்குள் சிறிய மின்சார வண்டிகளே ஓடுகின்றன. சத்தமின்றி வருவதால், தெருவில் குழந்தையின் கையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு இரண்டு வயது. 3,883 மீட்டர் உயரமுள்ள கிளைன் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் கேபிள் கார் நிலையத்துக்கு அழைத்துச் செல்லலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் 2,200 மீட்டருக்கும் மேல் ஏறுகிறீர்கள். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. தலைவலித்தால் பெரியவர் சொல்லிவிடுவார். இரண்டு வயதுக் குழந்தைக்குச் சிணுங்கவும் வாந்தியெடுக்கவும் மட்டுமே தெரியும். ஒன்பது வயதுக் குழந்தை என்றால் அங்கே பனியாற்றுக்குள் குடைந்த பனிக்குகையைக் கண்டு மகிழும், தாராளமாக அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இது தேவையற்ற அச்சுறுத்தல். லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டரில் இருக்கிறது, அங்கே கைக்குழந்தைகள் வளரவில்லையா? மேலும், உயரத்தில் காற்று குறைவதால் வரும் மலைநோய் தலைகாட்டப் பல மணி நேரம் ஆகும்; அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டால் என்ன ஆகிவிடும்?

பதில்: லேயில் பிறந்து வளரும் குழந்தையின் உடல் அந்த உயரத்துக்குப் பழகியது. அதே லேயில் விமானத்தில் வந்து இறங்குபவரை முதல் ஓரிரு நாள் ஓய்வெடுக்கச் சொல்கிறார்களே, அது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். மலைநோய் பற்றி நீங்கள் சொல்வது சரி. அறிகுறிகள் பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தே தோன்றுகின்றன, உடல்நலமுள்ள பெரியவர் அரை மணி நேரம் நின்று திரும்புவதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் உங்கள் கையில் இல்லை. பலத்த காற்று வீசினால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். ஜூலையிலும் உறைபனிக் குளிர் நிலவக்கூடிய இடத்தில் குழந்தையுடன் காத்திருக்க நேரும்.

கேள்வி: பத்து மாதக் குழந்தையுடன் கிளைன் மாட்டர்ஹார்ன்?

பதில்: இரண்டு வயதுக்குச் சொன்னது பத்து மாதத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

கேள்வி: ஆகஸ்டில் பனி இருக்குமா?

பதில்: ஊரில் இருக்காது; கிளைன் மாட்டர்ஹார்ன் அருகேயுள்ள தியோடுல் பனியாற்றில் இருக்கும். அங்கே கோடையிலும் சறுக்குகிறார்கள், காலை நேரத்தில் மட்டும். 2022 கோடையில் பனி போதாமல் ஜூலை இறுதியில் அதையும் நிறுத்தினார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சேர்ந்து சுவிஸ் பனியாறுகள் தம் கனஅளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பனியாற்றில் குறியிட்ட பாதையை விட்டு ஓரடிகூட விலகாதீர்கள். மேலே மெல்லிய பனி மூடியிருக்க, அடியில் ஆழமான பிளவுகள் இருக்கும்.

கேள்வி: நாங்கள் சைவம், மதுவும் தொடுவதில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: உருளைக்கிழங்கைத் துருவி வறுக்கும் ரோஸ்டி கிடைக்கும், ஸ்பெக் என்னும் பன்றி இறைச்சி சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாலாடைக்கட்டியை உருக்கிச் செய்யும் ஃபோண்ட்யூவில் வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள். உருக்கிய பாலாடைக்கட்டியை உருளைக்கிழங்குடன் உண்ணும் ராக்லெட் உங்களுக்குப் பொருத்தம்.

கேள்வி: விசாவுக்கு எத்தனை நாள் ஆகும்?

பதில்: அது என் துறையன்று, சுவிஸ் தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள்.

கேள்வி: பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து சேருகிறோம். அன்றே கோர்னர்கிராட் உச்சிக்குச் செல்லும் ரயிலில் ஏறிவிடலாமா?

பதில்: காலை நேரத்தைப் பற்றி முதல் பதிலிலேயே சொன்னேன். அந்த ரயில் 1898 முதல் ஓடுகிறது, மறுநாளும் ஓடும். விடிந்ததும் நேரலைக் கேமராவில் 3,089 மீட்டர் உச்சி தெளிவாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு வாங்குங்கள். வந்து சேரும் மாலையில் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். 1865இல் மாட்டர்ஹார்னில் முதன்முதலாக ஏறி இறங்கும்போது நால்வர் விழுந்து மாண்டதில் அறுந்த கயிறு அங்கே இருக்கிறது.