36-0 – கடிதம்

அன்புள்ள ஐயா,

விளையாட்டுச் சாதனைகள் பற்றிய கட்டுரையில் 'ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் 36-0 என்று வென்றது' என ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். என் மகன் நம்ப மாட்டேன் என்கிறான். கபடி ஸ்கோரை மாற்றி எழுதிவிட்டீர்களாம். நிஜமாகவே நடந்ததா? அந்த கிளப் இன்னும் இருக்கிறதா?

ஒரு வாசகர், தேனி

அன்புள்ள நண்பருக்கு,

கபடி இல்லை, கால்பந்துதான். 1885 செப்டம்பர் 12, ஸ்காட்டிஷ் கோப்பையின் முதல் சுற்று. எதிரணி அபர்டீனிலிருந்து வந்த பான் அக்கார்ட். இடைவேளைக்குள் 15 கோல், அப்புறம் 21. ஜாக்கி பெட்ரி என்ற பதினெட்டு வயதுப் பையன் மட்டும் 13. அப்போது கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. ஒவ்வொரு கோலுக்கும் யாராவது ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வர வேண்டும். அந்த ஓட்டமும் சேர்த்துத்தான் தொண்ணூறு நிமிடம் என்று மகனிடம் சொல்லுங்கள். ஆர்ப்ரோத்தின் கோல்கீப்பருக்கு வேலையே இல்லை. மழைக்கு ஒரு பார்வையாளரின் குடைக்குள் ஒதுங்கி நின்றார் என்பார்கள்.

அதே நாளில் பக்கத்து ஊரான டண்டீயில் இன்னொரு கூத்து. டண்டீ ஹார்ப் அணி அபர்டீன் ரோவர்ஸை 35-0 என்று அடித்தது. நடுவர் 37 என்று எண்ணியிருந்தாராம். ஹார்ப் தரப்பே 35தான் என்று குறைத்துச் சொன்னதாகப் பேச்சு. நேர்மைக்குக் கிடைத்தது இரண்டாமிடம்.

பான் அக்கார்ட் உண்மையில் கிரிக்கெட் கிளப், அழைப்புக் கடிதம் ஆள் மாறிப் போய்விட்டது என்றும் ஒரு கதை உலவுகிறது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருப்பதால் நான் நம்புவதில்லை.

சரி, கிளப் இருக்கிறதா? இருக்கிறது. 1878-ல் தொடங்கியது. ஆனால் அந்த ஒரு வரியில் நான் செய்த தப்பு வேறு. வினாடி வினாக்காரர்களைப் போல நானும் அவர்களை 1885-லேயே நிறுத்திவிட்டேன். எனக்குப் பிடித்த ஆர்ப்ரோத் 2022-ல் இருக்கிறது.

ஊரில் ஏறத்தாழ இருபத்து நான்காயிரம் பேர். ஆட்டக்காரர்கள் பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். 2016-ல் டிக் கேம்ப்பெல் மேலாளராக வந்தபோது அணி ஸ்காட்லாந்து லீக்கின் நான்காம் அடுக்கில் கிடந்தது. மூன்றே வருடத்தில் இரண்டு பட்டம் வென்று இரண்டாம் அடுக்குக்கு ஏறினார்கள். 2021-22-ல் அந்த அடுக்கிலேயே ஒரே பகுதிநேர அணி இதுதான். முழுநேரச் சம்பளம் கொடுக்கும் கிளப்புகளையெல்லாம் பின்னால் தள்ளிப் பல வாரம் முதலிடத்தில் நின்றது. ஏப்ரல் 22 அன்று கில்மார்நாக்கில் 2-1 என்று தோற்றார்கள். வெற்றி கோல் ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்தது. பட்டம் கில்மார்நாக்குக்குப் போனது. இறுதிக் கணக்கில் வித்தியாசம் இரண்டே புள்ளி. பிறகு முதல் அடுக்குக்கு ஏற மிச்சமிருந்த வாய்ப்பான பிளே-ஆஃபில் இன்வர்னஸ் அணியோடு மோதல். இரண்டு சிவப்பு அட்டை வாங்கி ஒன்பது பேராகச் சுருங்கிய அணிக்கு எதிராகக்கூட ஒரு கோல் போட முடியவில்லை. பெனால்டியில் தோல்வி. 36 போட்ட ஊர்! படித்தபோது சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

2024-ல் கீழே இறங்கினார்கள். 2025-ல் பட்டத்தோடு திரும்ப ஏறிவிட்டார்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. அவர்களுடைய மைதானமான கேஃபீல்ட் கடலை ஒட்டியே இருக்கிறது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் வடகடல். குளிர்காலத்தில் அலை சுவரில் மோதி ஆட்டக்காரர்கள் மேல் தெறிக்கும். கோல்கீப்பர் தூக்கி அடித்த பந்தைக் காற்று அவர் பக்கமே திருப்பி அனுப்பும். வெளியூர் அணிகளுக்கு அங்கே போவதென்றாலே கிலி. உள்ளூர்க்காரர்களுக்குப் பட்டப்பெயர் 'ரெட் லிக்டீஸ்', சிவப்பு விளக்குக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மீன்பிடிப் படகுகளுக்குக் கரையைக் காட்டத் துறைமுகத்தில் எரிந்த சிவப்பு விளக்கிலிருந்து வந்த பெயர் அது. அந்தப் படகுகள் கொண்டுவந்த ஹேடாக் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிட்டு, விறகுப் புகையில் வேகவைத்து இன்றும் விற்கிறார்கள்.